மூணு இஞ்சு உயரம்

ஏறுங்க தம்பி. கீழ நின்னு சுத்திச் சுத்தி வந்தா வண்டியப் பத்தி என்ன தெரியும்? ஏறி உட்கார்ந்து பாருங்க. அந்தக் கம்பியப் பிடிங்க, எடது கால மேல வைங்க, ஒரே எம்பு. அப்படித்தான். கோயம்புத்தூர்ல இருந்து இம்புட்டு தூரம் வந்துட்டு, ஏறக்கூட ஏறாம வெலை பேசிட்டுப் போனவன் எல்லாம் இருக்கான். நீங்க பரவாயில்ல, இளவட்டம், எம்பிட்டீங்க.

இப்ப என்னையப் பாருங்க. எப்படித் தெரியுறேன்? சின்னதாத் தெரியுறேன்ல. அதான் தம்பி இந்த வண்டியோட மொத நல்லது. அந்த உயரத்துல இருந்து பார்த்தா கீழ நிக்கிறவன் எவனா இருந்தாலும் சின்னதாத்தான் தெரிவான். எஸ்டேட் மேனேஜரு, பாரஸ்டு ஆபீஸரு, எவனா இருந்தாலும் அண்ணாந்துதான் நம்மகிட்டப் பேசணும். வருசக்கணக்கா குனிஞ்சு குனிஞ்சு சலாம் போட்டு வண்டி ஓட்டினவனுக்குத்தான் அந்தச் சொகம் தெரியும். நான் வீட்டுலயும் சொல்லுவேன், ஸ்டாண்டுலயும் சொல்லுவேன், கேக்குறவங்க எல்லாருக்கும் சொல்லுவேன். மேல ஏறிப் பாரு, அப்புறம் பேசுன்னு.

சரி, எறங்கி வாங்க, இந்த பெஞ்சுல உட்காருங்க. ஏ சந்தனம், ரெண்டு டீ போடு புள்ள, ஆளு வந்துருக்காரு.

உள்ள ரேடியோ பாடுதுல்ல, அதைக் கேட்டுக்கிட்டு இருக்கறதுதான் எங்க வீட்டம்மா. சந்தனமாரி. வண்டி அவ பேர்லதான் இருக்கு, அதை மொதல்லயே சொல்லிப்புடறேன். அவ கையெழுத்து போட்டாத்தான் வண்டி உங்க கைக்கு வரும். இதுக்கு முன்னால ரெண்டு பேருக்கு வண்டி பிடிச்சுப்போயி, எல்லாம் பேசி முடிச்சு, கடைசியில இவ மாட்டேன்னுட்டா. 'இந்த வீட்டுல என் பேர்ல இருக்கறது இது ஒண்ணுதான், இருந்துட்டுப் போகட்டும்'கறா. இருந்து? அதுல ஏறக்கூட முடியாது அவளால. நீங்க படிச்ச பிள்ளையா இருக்கீங்க, பக்குவமா நாலு வார்த்தை சொல்லுங்க. நான் சொன்னாத்தான் கேக்க மாட்டா.

நான் மறைச்சுப் பேசுற ஆளு கிடையாது. மொக்கராசு எப்படின்னு ஸ்டாண்டுல யார வேணா கேட்டுப் பாருங்க. வாயி நீளம், மனசுல ஒண்ணும் வெச்சுக்க மாட்டான்னு சொல்லுவாங்க. வண்டிய வித்துப்புட்டுப் பின்னால ஏச்சு வாங்குறதுல எனக்கு இஷ்டம் இல்ல. நல்லதையும் சொல்றேன், கெட்டதையும் சொல்றேன், அப்புறம் உங்க பாடு.

இது கம்பெனி உயரம் இல்ல தம்பி. பாடி லிஃப்ட்டு. கீழ சேசுன்னு ஒரு இரும்புச் சட்டம் ஓடுதுல்ல, அது மேலதான் பாடி உட்கார்ந்துருக்கும், நடுவுல ரப்பர் இருக்கும். அந்த எடத்துல எல்லாம் மூணு இஞ்சுக்கு நைலான் கட்டை குடுத்து, நீளமான போல்ட்டு போட்டு முறுக்கிட்டா பாடி மட்டும் மேல போயிரும். எஞ்சின், ஸ்பிரிங் பட்டை, அச்சு எல்லாம் இருந்த எடத்துலயே இருக்கும். சிலபேரு பட்டைய மாத்தி மொத்த வண்டியவும் தூக்குவான். அது பெரிய செலவு, ஓட்டமும் மாறிப்போகும், நடுமுதுகு கழண்டுரும். இதுல அந்த வம்பு இல்ல. பழைய குலுக்கம் பழைய குலுக்கந்தான். ஆனா மட்கார்டுக்குள்ள எடம் கெடைக்கும், பெரிய டயரு மாட்டலாம். கட்டைய வெச்சவுடனே பாறை தாண்டிரும்னு பாதிப்பேரு நெனைக்கிறான். கட்டை தூக்குறது பாடிய மட்டும். அச்சத் தூக்குறது டயருதான். இந்த வித்தியாசம் தெரியாம வாங்கிட்டு அடியில தட்டுதுன்னு அழுவானுங்க.

இந்தா டீ வந்துருச்சு. எடுத்துக்கங்க. பார்த்தீங்களா, ஜன்னல் வழியாத்தான் நீட்டுவா, வாசலுக்கு வர மாட்டா. வந்தா ஒரு ஸ்டூலத் தள்ளித் தள்ளித்தான் நடந்து வரணும், வெக்கம். எம்புட்டு நேரம் ஆனாலும் டீ மட்டும் நல்லாப் போடுவா, அதை ஒத்துக்கணும்.

ஏன் ஒசத்துனேன்னு கேளுங்க. இங்க ஸ்டாண்டுல வரிசை உண்டு. விடியுறதுக்கு முன்னால வண்டிங்க வந்து நிக்கும், முன்னால நிக்கிறவனுக்கு மொத சவாரி. வெளியூர்க்காரங்கள மொட்டப்பாறைக்கு ஏத்திட்டுப் போயி, சூரியன் வர்றதக் காட்டிட்டு எறக்கி விடணும், அதான் இங்க பொழப்பு. ஆனா சங்கத்துல ஒரு பேச்சு இருக்கு. வந்தவங்களே கை நீட்டி 'அந்த வண்டி வேணும்'னு கேட்டுட்டா வரிசை செல்லாது. போன வருசம் பூஜை லீவுக்கு மூணாறு பக்கத்துல இருந்து எவனோ ஒரு ஒசரமான ஜீப்பக் கொண்டாந்து நிறுத்தினான். வந்த கூட்டம் பூரா அதையே கை நீட்டுச்சு. அவன் கடைசி ஆளா நிக்கிறான், நான் மொத ஆளா நிக்கிறேன், கூட்டம் என்னையத் தாண்டிப் போகுது. எனக்கு எப்படி இருந்துருக்கும்? தீபாவளி மழையில சவாரி இல்லாத வாரமாப் பார்த்து, வண்டிய போடிக்கு எறக்கி, கட்டைய வெச்சு, டயர மாட்டி, கருப்புப் பெயின்ட்டும் அடிச்சுக் கொண்டாந்துட்டேன். அதுக்கப்புறம் எல்லாக் கையும் என் பக்கந்தான்.

கெட்டது என்னன்னா, ரேடியேட்டரு பாடியோட சேர்ந்து மேல போயிருச்சு, ஃபேன் எஞ்சினோட கீழயே நின்னுபோச்சு. ரெண்டும் நேருக்கு நேர் இல்ல. வெயில்ல நெடுகா ஏத்தம் ஏறினா சூடு காட்டும், நிறுத்தி நிறுத்திப் போகணும். ஸ்டியரிங் ராடு எட்டாம ஒட்டுப் போட்டிருக்கு, அதை அப்பப்பப் பார்த்துக்கணும். வளைவுல வெரசாத் திருப்பாதீங்க, தலை கனத்துப்போச்சு, சாயும். பக்கவாட்டுல பார்த்தா பாடிக்கும் சேசுக்கும் நடுவுல சந்து தெரியும், வேட்டிய மடிச்சுக் கட்டின மாதிரி. அதுக்கு ஒரு ரப்பர் ஷீட்டு வாங்கி மறைச்சுக்கலாம்.

அப்புறம் இந்த ஏறுறது எறங்குறது. உங்க வீட்டுல யாரு யாரு? அம்மா இருக்காங்களா? முட்டி வலியா? அப்ப ஒண்ணு செய்யுங்க, வாங்கற வரைக்கும் அவங்ககிட்ட சொல்லாதீங்க. வாங்கிட்டா பழகிக்குவாங்க. பொம்பளைங்க எதுக்கும் பழகிக்குவாங்க தம்பி. என் வீட்டுக்காரி ஒருத்தியைத் தவிர.

அவளுக்கு எடது காலு சின்னப் பிள்ளையிலயே சூம்பிப்போச்சு. விந்தி விந்தித்தான் நடப்பா. மலையில கொழுந்து பறிக்க முடியாதுன்னு எஸ்டேட்டுல பேக்டரிக்குள்ள போட்டாங்க, தேயிலையில குச்சி பொறுக்குற வேலை. அந்த சர்வீஸ் முடிஞ்சு வந்த பணத்துல வாங்கினதுதான் இந்த வண்டி. அதான் அவ பேரு. நாலஞ்சு வண்டி பார்த்தோம், எல்லாத்துலயும் ஏறி எறங்கிப் பார்த்தா. இந்த வண்டியில தளம் தாழ்வு, கால வெச்சவுடனே உள்ள போயி உட்கார்ந்துட்டா. 'இது போதுங்க'ன்னா. டயரு எப்படி, எஞ்சின் எப்படி, ஒண்ணும் கேக்கல. பொம்பளை வண்டி பாக்குற லட்சணம் அதுதான்.

நாலு வருசம் முன்சீட்டு அவளுக்குத்தான். சுக்குக் காப்பியும் காரக் கொழுக்கட்டையும் செஞ்சு எடுத்துட்டு என் கூட மொட்டப்பாறைக்கு வருவா. சூரியன் பார்க்க வர்றவங்க குளிர்ல நடுங்குவாங்க, இவ காப்பியக் குடுத்தா உசிரே வந்துரும் அவங்களுக்கு. வர்ற வழியெல்லாம் பேசிக்கிட்டே வருவா. இந்தச் செடி என்ன, அந்தப் பறவை என்னன்னு வெளியூர்க்காரங்களுக்கு எல்லாம் சொல்லிக்கிட்டு. எனக்குத்தான் தலை வலிக்கும்.

வண்டிய ஒசத்திக் கொண்டாந்த மொத நாளு, காப்பி டின்னத் தூக்கிக்கிட்டு வந்து நின்னா. நின்னா, நின்னா, நின்னுக்கிட்டே இருந்தா. 'எப்படிங்க ஏறுறது'ன்னா. உள்ள இருந்த பாசஞ்சருங்க எல்லாம் பார்க்குறாங்க, எனக்கு நேரமாகுது. 'கிரேன் வரச் சொல்லட்டுமா'ன்னு கேட்டேன். எல்லாரும் சிரிச்சாங்க. ஒரு சிரிப்புக்குச் சொன்னதுதான். அப்புறம் எறங்கிப் போயி பின்னால பிடிச்சு ஒரே தள்ளு தள்ளினேன், மூட்டையாட்டம் உள்ள போயி விழுந்தா. மறுநாளு நானே கடையில ஒரு செவப்புப் பிளாஸ்டிக் ஸ்டூலு வாங்கியாந்து குடுத்தேன். அக்கறை இல்லாதவன் வாங்கிக் குடுப்பானா? சொல்லுங்க. அந்த ஸ்டூலப் போட்டு, அதுல ஏறி, அங்க இருந்து வண்டிக்குத் தாவி, அப்புறம் எவனாச்சும் ஸ்டூல எடுத்து உள்ள குடுக்கணும். எறங்குறப்பவும் அதே கூத்து. ஒரு தடவ ஸ்டூலு சறுக்கிப் பின்பக்கமா உட்கார்ந்துட்டா. மதுரைப் பயல் ஒருத்தன் அதை வீடியோ எடுத்துப் போட்டுட்டான். ஊரெல்லாம் பார்த்துச்சு. வண்டி முழுசாத் தெரிஞ்சுது அதுல, நம்பர் உட்பட. அந்த வாரம் பூரா எனக்குத்தான் சவாரி. விளம்பரந்தானே. அவ என்னடான்னா சோறு தண்ணியில்லாம சுவத்தப் பார்த்துப் படுத்துக்கிட்டா. பலகைச் சுவரு தம்பி இது, இந்தப் பக்கம் மூச்சு விட்டாலும் அந்தப் பக்கம் கேக்கும். அவ மூக்கை உறிஞ்சுறது கேட்டு எனக்குத்தான் தூக்கம் போச்சு.

இன்னொரு கெட்டது சொல்ல மறந்துட்டேன், இதைக் கவனமாக் கேட்டுக்கங்க. கட்டை வெச்ச வண்டிய எஃப்.சி.க்கு, அதான் வண்டி ஓடத் தகுதின்னு சர்க்கார் ஆபீஸர் பார்த்துக் குடுக்குற சர்ட்டிபிகேட்டுக்கு, கொண்டு போக முடியாது. பாஸ் பண்ண மாட்டாங்க. அதனால எஃப்.சி. வர்றப்ப கட்டையெல்லாம் உருவி, பழைய டயர மாட்டி, பழைய உயரத்துக்கு எறக்கிக் கொண்டு போயிக் காட்டிட்டு, திரும்பி வந்து ஏத்திக்கணும். எல்லாரும் அப்படித்தான் செய்யுறான். ஒரு நாள் வேலை, அவ்வளவுதான். தை மாசம் எனக்கு எஃப்.சி. வந்துச்சு. இங்கயே வாசல்ல வெச்சு எறக்கினேன். இவ பார்த்துக்கிட்டே இருந்தா. எறக்கி முடிச்சுக் கை கழுவிட்டு வந்து பார்த்தா, முன்சீட்டுல உட்கார்ந்துருக்கா. யாரும் கை குடுக்கல, தானா ஏறி. 'நானும் போடிக்கு வர்றேங்க'ன்னா. சரின்னு கூட்டிட்டுப் போனேன். வழியெல்லாம் பேச்சு. பழையபடி செடி, பறவை.

திரும்பி வந்தவுடனே ஜாக்கிய எடுத்தேன். 'ஒரு வாரம் இப்படியே இருக்கட்டுமே'ன்னா. சீசன் நேரம் தம்பி. ஒரு வாரம்னா சும்மாவா? முடியாதுன்னேன். அப்ப ஒண்ணு கேட்டா பாருங்க. 'அந்த ஆபீஸருக்காக எறக்குறீங்க, எனக்காக எறக்க மாட்டீங்களா?' நான் விடுவேனா? 'அவரு ஆபீஸரு, நீ என்ன ஆபீஸரா'ன்னு கேட்டேன். அதோட வாய மூடிட்டா. பேச்சுல என்னைய ஜெயிக்க முடியாது.

மூடினவ சும்மா இருந்தாளா? அங்கதான் வெனை ஆரம்பிச்சுது. ஞானப்பிரகாசம்னு ஒருத்தன் ஸ்டாண்டுல வண்டி ஓட்டிக்கிட்டு இருந்தான். பழைய ஜீப்பு, கம்பெனி உயரம், தகரம் பூரா துரு. அவன எவனும் கை நீட்ட மாட்டான். இவள தங்கச்சி தங்கச்சின்னு கூப்பிடுவான், பேக்டரியில அவன் சம்சாரமும் இவளும் பக்கத்துல பக்கத்துல உட்கார்ந்தவங்க. அந்தம்மா போய்ச் சேர்ந்து ரொம்ப நாளாச்சு. ஒரு நாளு பார்க்குறேன், அவன் வண்டியில சைடுல ஒரு படி. ஓட்டை போட்ட கனத்த தகரத்துல செஞ்ச அகலமான படி, கால் சறுக்காம இருக்க மேல பழைய டயருத் துண்டு போட்டு, நாலு போல்ட்டுல மாட்டியிருக்கான். பிடிச்சுக்க ஒரு கம்பி வேற. 'தங்கச்சி ஏறுறதுக்கு'ங்கறான், என்கிட்டயே. வெக்கமே இல்லாம.

மறுநாள்ல இருந்து இவ அவன் வண்டியில போக ஆரம்பிச்சுட்டா. காப்பி டின்னோட. 'உங்களுக்கும் தொந்தரவு இல்ல, எனக்கும் தொந்தரவு இல்ல'ன்னா. அதாச்சும் போகட்டும். வந்த கூட்டம் என்ன பண்ணுச்சு தெரியுமா? காப்பிக்கார அக்கா எந்த வண்டின்னு கேட்டு அந்தத் துருப்பிடிச்ச வண்டியக் கை நீட்டுது. வயசானவங்க, குழந்தைங்களக் கூட்டிட்டு வர்றவங்க எல்லாரும் படி இருக்கற வண்டின்னு அங்க போறாங்க. நான் இம்புட்டு ஒசரத்துல தனியா உட்கார்ந்துருக்கேன். ஸ்டாண்டுல பயலுக என்னையப் பார்த்துச் சிரிக்கிறான். 'என்னண்ணே, மதினி எறங்கிப் போயிட்டாங்களா'ன்னு கேக்குறான். என் பொண்டாட்டி இன்னொருத்தன் வண்டியில முன்சீட்டுல. நீங்களே சொல்லுங்க, எந்த ஆம்பளை பொறுப்பான்?

கொஞ்சம் கிட்ட வாங்க. இதை அவ இருக்கறப்ப சொல்லக்கூடாது. ரேடியோ ஓடுது, கேக்காது.

ஞாயித்துக்கிழமை ஞானப்பிரகாசம் கோயிலுக்குப் போவான், வண்டி கீழ சர்ச்சு மதிலு ஓரமா நிக்கும். பூசை முடிய நேரமாகும். நான் போனேன். படியில நாலு போல்ட்டு சொன்னேன்ல, அதுல முன்பக்கத்து நட்டு ரெண்டையும் கழட்டி எறிஞ்சுட்டேன். பின்பக்கத்து ரெண்டையும் லூசு பண்ணி விட்டேன். பார்வைக்குப் படி படியாட்டம்தான் இருக்கும். என் கணக்கு என்னன்னா, அவன் வண்டிய எடுத்தவுடனே கல்லு ரோட்டுல கடகடன்னு ஆடி கீழ விழுந்துரும், ஸ்டாண்டுல எல்லாரும் சிரிப்பாங்க, அதோட அந்தப் படிச் சங்கதி முடியும். ஒரு வெளையாட்டு. வேற என்ன?

ஆனா அந்தப் பாழாப்போன படி விழல. காலையில இவ ஏறுறப்பவும் தாங்கிருச்சு, வழியெல்லாம் ஆடி ஆடிக் கழண்டும் மொட்டப்பாறை வரைக்கும் விழாம அப்படியே ஒட்டிக்கிட்டு வந்துருக்கு. அது ஞாயித்துக்கிழமைக்கு மறுநாள் விடியக்காலம், பாறையில எல்லாரும் எறங்குற நேரம், நான் பின்னாலயே என் வண்டியில நிக்கிறேன். இவ காப்பி டின்ன ஒரு கையில பிடிச்சுக்கிட்டு, நல்ல கால உள்ள வெச்சுக்கிட்டு, சூம்பின கால அந்தப் படியில வெச்சா. அவ்வளவுதான். படியோட சேர்ந்து பாறையில விழுந்தா. கொதிக்கிற காப்பி மேல ஊத்திருச்சு. தொடையும் இடுப்பும் சேர்ற எடத்துல எலும்பு போச்சு.

இப்ப நான் கேக்குறேன், இதுல என் மேல என்ன தப்பு? வண்டி எடுக்குறதுக்கு முன்னால டிரைவர் சுத்தி வந்து எல்லா நட்டையும் கை வெச்சுப் பார்க்கணுமா இல்லையா? அது டிரைவரோட மொதல் வேலை. நான் பார்ப்பேன். இன்னிக்கும் பார்ப்பேன். அவன் பார்க்கல. அடுத்தவன் பொண்டாட்டிய ஏத்துறவனுக்கு அந்தப் பொறுப்பு வேண்டாமா?

அவள ஆஸ்பத்திரிக்கு எறக்கணும். என் வண்டியில படுக்க வெச்சு ஏத்தலாம்னு பார்த்தா அந்த ஒசரத்துக்குத் தூக்க முடியல, தூக்குனா கத்துறா. கடைசியில ஞானப்பிரகாசம் வண்டியிலயேதான் படுக்க வெச்சாங்க. அவன் அழுதுக்கிட்டே ஓட்டினான். நான் பின்னால வந்தேன். அன்னிக்கு ஒண்ணு கவனிச்சேன் தம்பி, அம்புட்டு அவசரத்துலயும் வளைவுல என் வண்டி நல்லாத்தான் நின்னுச்சு. அதையும் சொல்லிரணும்.

சங்கத்துல கூட்டம் போட்டாங்க. நான்தான் எழுந்திரிச்சுப் பேசினேன். பாசஞ்சர் உசிரோட வெளையாடுறவன் நமக்குத் தேவையான்னு கேட்டேன். ஞானப்பிரகாசம் என்ன சொன்னான் தெரியுமா? 'நான் முறுக்கினதாத்தான் ஞாபகம், ஆனா என் வண்டியிலதானே விழுந்துச்சு'ன்னு தலையக் குனிஞ்சுக்கிட்டான். ஸ்டாண்டுல இருந்து எடுத்துட்டாங்க. வண்டிய வித்துட்டு இப்பக் கீழ செக்போஸ்ட்டுக்கிட்ட குடியிருக்கான், வாழைக்காய் மண்டிக்கு லோடு ஏத்தப் போறான். ஆஸ்பத்திரிக்கு ஆரஞ்சுப்பழம் வாங்கிட்டு வந்தான் ஒரு நாளு. இவ அந்தப் பையத் தூக்கி வராண்டாவுல வீசினா. 'என்னைய நொண்டியாக்கிட்டு இப்பப் பழமா? இனிமே என் மொகத்துல முழிக்காத'ன்னா. அவன் ஒவ்வொண்ணாப் பொறுக்கி எடுத்துட்டுப் போனான். எனக்கே கொஞ்சம் பாவமாத்தான் இருந்துச்சு. ஆனா இவ பேசினதுல தப்பில்லைன்னு விட்டுட்டேன்.

அதுல இருந்து வீட்டோட கெடக்கா. நான் வாங்கிக் குடுத்தேன்ல அந்த ஸ்டூலு, அதையே முன்னால தள்ளித் தள்ளி நடக்குறா. இப்பவாச்சும் அதோட அருமை தெரிஞ்சுதேன்னு நெனைச்சுக்குவேன். நான் வண்டிய விக்கிறது ஏன்னா, புதுசா ஒண்ணு பார்த்து வெச்சிருக்கேன், இதைவிட ஒசரம். கம்பெனியிலயே ஒசரமா வருது, கட்டையும் வேண்டாம், எஃப்.சி.க்கு எறக்கவும் வேண்டாம். இவ ஒரு கையெழுத்து போட்டா...

என்னத்த, ரேடியோ நின்னுபோச்சு? கரண்டு போயிருச்சோ? இல்லையே, பல்பு எரியுதே. எப்ப நின்னுச்சு, நீங்க கவனிச்சீங்களா தம்பி? என்ன அப்படிப் பார்க்குறீங்க?

ஏ சந்தனம். டம்ளர வந்து வாங்கிக்க புள்ள. ஏ சந்தனம்.

உள்ள ஏதோ இழுக்குற சத்தம் கேக்குதுல்ல? கட்டிலுக்கு அடியில அவ ட்ரங்குப் பெட்டி இருக்கும். இருங்க, வர்றா. வாசலுக்கே வர்றா. பாருங்க, ஸ்டூலு மேல பெட்டிய வெச்சுத் தள்ளிக்கிட்டு வர்றத. நல்ல சேலை வேற கட்டியிருக்கா. நீங்க வந்த நேரம் நல்ல நேரம் தம்பி, ஆஸ்பத்திரியில இருந்து வந்ததுல இருந்து வாசப்படி தாண்டாதவ.

என்ன புள்ள? என்ன கேக்குற அவருகிட்ட?

கேட்டீங்களா தம்பி? வண்டி பிடிச்சிருக்கான்னு கேக்குறா. தலைய ஆட்டுனீங்கள்ல, அது போதும். கையெழுத்து போட்டுத் தர்றாளாம். நான் சொன்னேன்ல, வெளியாளு வந்து உட்கார்ந்தா எறங்கி வந்துருவான்னு. என்னது, இங்க இல்லையா? போடியில புரோக்கர் ஆபீஸ்ல வந்து போடறேங்கறா. பணத்தையும் அங்கயே அவ கையில குடுக்கணுமாம். சரி, வண்டி அவ பேருதானே, குடுங்க, பத்திரமாக் கொண்டாந்துருவா. போடியில அவ அண்ணன் வீடும் இருக்கு, அப்படியே பார்த்துட்டு சாயங்காலம் பஸ்ஸுல வந்துருவா. என்ன புள்ள, சாயங்காலம் வந்துருவல்ல? ஒரு பகலுக்கு எதுக்கு ட்ரங்குப் பெட்டி?

பெட்டிப் பூட்ட இழுத்துப் பார்க்குறா பாருங்க. திமிரு.

என்ன? செக்போஸ்ட்டுக்கிட்ட வண்டிய நிறுத்தணுமா? ஞானப்பிரகாசம் அண்ணன்கிட்ட ஒரு வார்த்தை பேசணுமா? அவன்கிட்ட உனக்கு என்னடி பேச்சு? மொகத்துலயே முழிக்காதன்னு சொன்னவ நீதானே?

இல்ல தம்பி, அவளுக்குக் கேட்டிருக்காது. கேட்டிருந்தா கத்தி ஊரக் கூட்டியிருப்பா. எனக்குத் தெரியாதா இத்தனை வருசமா? சத்தமே போடல பாருங்க. கேட்டிருக்காது.

கை குடுக்காதீங்க. வேண்டாம்னு சொல்றாள்ல, விடுங்க. பெட்டிய மட்டும் மேல வைங்க. அவ ஏறட்டும், பார்ப்போம். ஸ்டூலு மேல முழங்கால வெச்சுட்டா. இந்தா, தளத்துல நெஞ்ச வெச்சுப் படுத்துட்டா. சேலையெல்லாம் கிரீசு. நல்ல சேலை வீணாப்போச்சு. இழுக்குறா பாருங்க, கையாலயே இழுக்குறா உடம்ப. வலிக்குதா புள்ள? கிரேன் வரச் சொல்லட்டுமா? ஒரு சிரிப்புக்குச் சொல்றேன் தம்பி, நீங்க எதுக்கு மொறைக்கிறீங்க?

அட, ஏறிட்டா. முன்சீட்டுல உட்கார்ந்துட்டாளே.

இந்தா, ஸ்டூல வாங்கிக்க. பிடி. என்ன, வேண்டாமா? எறங்குறப்ப எதுல காலு வைப்ப? வாங்கிக்க புள்ள, எம்புட்டு நேரம் தூக்கிப் பிடிச்சுக்கிட்டு நிக்கிறது.

எதுக்கு இப்படிப் பார்க்குற என்னைய? என்ன? சத்தமாச் சொல்லு.

கேட்டீங்களா தம்பி, என்ன சொன்னான்னு? 'நீங்க சொன்னது நெசந்தாங்க, இங்க இருந்து பார்த்தா நீங்க ரொம்பச் சின்னதாத்தான் தெரியுறீங்க'ங்கறா. ஒரு வருசமா இதைத்தானே நான் அவகிட்டச் சொல்லிக்கிட்டு இருந்தேன், கேட்டாளா? மேல ஏறிப் பார்த்தாத்தானே தெரியும்.

சரி, கெளம்புங்க. மொத கியர்லயே எறக்குங்க, வளைவுல தலை சாயும். பார்த்தீங்கள்ல, இன்னிக்காச்சும் ஒத்துக்கிட்டா.